ரம்புத்தான் மரத்தடியில் 9 வருடம் நின்ற டாட்சன் 120 ஒய்: சாயமா, எஞ்சினா, எதை முதலில் பார்ப்பது?

சிப்புட்காரி:

வணக்கம். நான் சுங்கை சிப்புட். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் என் தாய்மாமாவின் டாட்சன் 120 ஒய் காடியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். 1977ஆம் வருடக் காடி, நாலு கதவு, ஏ12 எஞ்சின். மாமா செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். நான் மகாத்மா காந்தி கலாசாலையில் படித்த காலத்தில் மழை நாட்களில் என்னையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போன காடி இது. இப்போது மாமாவுக்குக் கண் சரியில்லை, ஓட்டுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் 9 வருடமாக நின்றுவிட்டது.

நிலைமையைச் சொல்கிறேன். முன்பக்கம் பயணி உட்காரும் பக்கத்துத் தரை எப்போதும் ஈரம். கம்பளத்தைத் தூக்கினால் மட்கிய இலை வாசம். பேட்டரி வைக்கும் தட்டு கையில் பொடியாக உதிர்கிறது. பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஸ்பேர் டயர் உட்காரும் குழியில் மூன்று ஓட்டைகள், ஒன்றில் என் கட்டைவிரல் போகிறது. பின் கண்ணாடியின் கீழ் மூலை இரண்டிலும் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. எஞ்சினை இன்னும் தொடவே இல்லை.

டவுனில் ஒரு கெத்தோக் கடையில், அதாவது தகரம் தட்டிச் சாயம் அடிக்கும் கடையில், காட்டினேன். மூன்று வாரத்தில் புட்டி (ஓட்டை, பள்ளத்தை அடைக்கும் பசை) போட்டு, சாயம் அடித்து, புதுசு மாதிரி தருகிறேன் என்றார்கள். எனக்கு வேறு ஆசை: வீட்டிலேயே நானே செய்ய வேண்டும். கூரை போட்ட போர்ச் இருக்கிறது. கிரைண்டர் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரரிடம் சின்ன மிக் வெல்டிங் செட் இருக்கிறது, எனக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருக்கிறார். முடிந்தால் ஏ15 எஞ்சினும் 5 கியர் பாக்ஸும் போட்டு, கொஞ்சம் தாழ்த்தி, நல்ல ரிம் மாட்ட வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது? சாயம் முதலிலா, எஞ்சின் முதலிலா? வீட்டில் எல்லாரும் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

கங்சார் கேஈ70:

எஞ்சினைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தகர வேலை எனக்குத் தெரியாது.

தயவுசெய்து பேட்டரி கொடுத்து சாவியைத் திருகிவிடாதீர்கள். 9 வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு தேக்கரண்டி ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) ஊற்றி நாலைந்து நாள் அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, கையால் மெதுவாகத் திருப்புங்கள். அடம் பிடித்தால் நீளக் குழாய் சொருகி நெம்ப வேண்டாம். இன்னும் எண்ணெய் ஊற்றி இன்னும் காத்திருங்கள். இரண்டு முழுச் சுற்று லேசாகச் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஏ12இல் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் பெல்ட் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சிலிண்டர்களை மேலே மூடும் தலை அலுமினியம், கீழே பிளாக் வார்ப்பிரும்பு. இத்தனை நாள் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓடியிருந்தால் தலையில் தண்ணீர் போகும் வழிகள் அரித்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்ன நிறம் என்று பாருங்கள்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். டேங்க் ஓட்டை என்றால் வீட்டில் வெல்டிங் மட்டும் வைக்காதீர்கள். காலியான டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

பழைய பட்டறை:

அம்மா, எனக்கு வயது 66. உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன். தோட்டத்துப் பட்டறையில் 31 வருடம் வேலை செய்தேன். டிராக்டர், ரப்பர் பால் லாரி, துரையின் லேண்ட் ரோவர் எல்லாம் எங்கள் கையில்தான். காலையில் பெரட்டு (ஆட்களைப் பெயர் கூப்பிடுவது) முடிந்ததும் பட்டறைக் கதவைத் திறப்போம்.

சாயமா எஞ்சினா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் இல்லை. முதலில் தண்ணீர். அந்தக் காடிக்குள் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு சதம்கூடச் செலவு செய்யாதே.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் காடியும் 120 ஒய்தான். 1984இல் வாங்கினேன். தரையில் ஓட்டை. அப்போது எனக்கு வெல்டிங் நன்றாகவே தெரியும், ஆனால் தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஃபைபர் துணி ஒட்டி, மேலே தார் பூசி, கதவுக்குக் கீழே ஓடுகிற சில் தகட்டில் புட்டி போட்டுத் தேய்த்து, மஞ்சள் சாயம் அடித்துவிட்டேன். தோட்டமே வந்து பார்த்தது. அடுத்த வருடம் ஒரு நாள் டயர் பஞ்சர். சில்லுக்குக் கீழே ஜேக் வைத்துத் தூக்கினேன். காடி எழும்பவில்லை, ஜேக் மட்டும் உள்ளே போனது. பிஸ்கட் டின்னை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம். உள்ளிருந்து இரண்டு கை நிறைய சிவப்புத் தூளும் ஈரச் சேறும் கொட்டின. ஒரு வருடமாக என் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டியது அந்த வெறும் புட்டியின் மேல்தான். இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

120 ஒய்யில் காடி முழுக்கத் தாங்குவது அந்தப் பெட்டித் தகடுகள்தான். லாரி மாதிரி தனிச் சட்டம் கிடையாது. சில் போனால் காடியின் முதுகெலும்பு போன மாதிரி. துரு வெளியிலிருந்து உள்ளே போகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மலேசியக் காடியில் பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. கொப்புளம் தெரியும்போது அதற்குப் பின்னால் இருக்கும் தகடு தாள் மாதிரி ஆகியிருக்கும்.

உன் காடி மரத்தடியில் நின்றது என்கிறாய், பயணி பக்கம் ஈரம் என்கிறாய். என் கண் போவது வைப்பருக்குக் கீழே இருக்கிற காற்றுத் துளைகள் மேல்தான். அதற்குள் ஒரு தொட்டி மாதிரி இடம் இருக்கிறது. மழைத் தண்ணீர் அதில் விழுந்து இரண்டு பக்கமும் வடிந்து முன் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். ரம்புத்தான் இலை அடைத்தால் வழி இல்லாமல் தேங்கும். தேங்கின தண்ணீர் தகடு சேர்கிற மூட்டுகளைத் தின்று உள்ளே இறங்கும். பின் கண்ணாடி மூலை வேறு கதை: ரப்பர் காய்ந்து சுருங்கியிருக்கும், அங்கே இறங்குகிற தண்ணீர் நேரே ஸ்பேர் டயர் குழிக்குத்தான் போகும். உன் மூன்று ஓட்டைகளும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சோதனை இப்படிச் செய். சீட், கம்பளம் எல்லாவற்றையும் கழற்றி வெளியே போடு. தரையைத் துணியால் காயத் துடை. ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே உட்காரட்டும். நீ வெளியே குழாயைத் திறந்து, வேகமில்லாமல், கீழேயிருந்து மேலே போ. முதலில் கதவின் அடிப்பக்கம் ஐந்து நிமிடம், அப்புறம் கதவு ரப்பர், அப்புறம் வைப்பர் தொட்டி, கடைசியில் கண்ணாடி ரப்பர். மேலேயிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது.

அது முடிந்ததும் ஒரு காந்தமும் மழுங்கின ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொள். காந்தம் ஒட்டாத இடத்தில் புட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். ஸ்குரூ டிரைவரால் குத்து. நல்ல தகடு டிங் என்னும், கெட்டது சத்தமில்லாமல் உள்வாங்கும். உள்வாங்கிய இடத்தைச் சுற்றி, பளபளவென்ற தகடு வரும்வரை சாக் கட்டியால் கோடு போடு. கோடு எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவும் வெட்ட வேண்டும். பார்த்துப் பயந்துவிடாதே. எல்லாருக்கும் அப்படித்தான்.

வெட்டுவதற்கு முன் சில விஷயம். பேட்டரி வயரைக் கழற்று, ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்று. ஒரு பக்கத்துச் சில்லை வெட்டும்போது கதவு நிற்கிற ஓட்டையில் குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தைத் தற்காலிகமாக வெல்டு செய்து நிறுத்து, இல்லாவிட்டால் காடி நடுவில் தொய்ந்து அப்புறம் கதவு சேராது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டாதே. செங்கல் அடுக்கி அதற்குக் கீழே படுக்காதே. ஜேக் ஸ்டாண்ட் நாலு வாங்கு, அதில் மிச்சம் பிடிக்காதே.

ஒட்டுத் தகடு 1 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போதும். வீட்டில் கூரைக்குப் போட்ட ஜிங்க் மிச்சம் கிடக்கும், அதை வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகை காய்ச்சல் கொண்டுவரும், வெல்டும் ஒழுங்காகப் பிடிக்காது. மிக் செட்டில் 0.6 மில்லிமீட்டர் கம்பி போடு. ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி வை. ஒரே கோடாக இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளியும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். தரைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பழைய தார் தீப்பிடிக்கும், அதை முதலில் சுரண்டிவிடு.

இன்னொன்று. தோட்டத்துப் பக்கம் சுக்கா கெத்தா சுலபமாகக் கிடைக்கும், ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட். துருவைத் தின்னும் என்று எங்கள் காலத்தில் பலர் ஊற்றினார்கள். அது தகட்டு மடிப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு உள்ளே தின்றுகொண்டே இருக்கும், கழுவி எடுக்க முடியாது. காடி உடம்பில் ஊற்றாதே. சீட் தண்டவாளம், பானெட் கீல் மாதிரி கழற்றி எடுக்கிற சாமானுக்கு வேறு வழி இருக்கிறது: பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், சலவைச் சோடா கொஞ்சம், பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் கிளிப் துருப்பிடித்த சாமானில், பாசிட்டிவ் கிளிப் வேண்டாத இரும்புத் துண்டில். இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு இரவு விட்டால் துரு கறுப்புச் சேறாகி, பிரஷ் வைத்தாலே வந்துவிடும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி, முலாம் பூசிய இரும்பு எதுவும் போடாதே, தண்ணீர் விஷமாகிவிடும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் வெளியே திறந்த இடத்தில் வைத்துச் செய், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

தேய்த்த தகட்டை அன்றைக்கே எபாக்சி பிரைமரால் மூடு. நம் ஊர்க் காற்றில் மதியம் வெள்ளி மாதிரி இருந்த தகடு மறுநாள் காலையில் மஞ்சள் பூத்துவிடும். சாதாரண கிரே பிரைமர் தண்ணீரை உறிஞ்சும், அதை மட்டும் அடித்துவிட்டு மாதக் கணக்கில் விடக் கூடாது. கெத்தோக் கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. மூன்று வாரத்தில், அவர்கள் சொல்கிற காசுக்கு, இதையெல்லாம் யாராலும் செய்ய முடியாது. நேரம் உன்னிடம்தான் இருக்கிறது.

ஈப்போ பழங்காடி:

பட்டறை ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், அவசரம். வெட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் முன் சேசிஸ் எண் எங்கே அடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். என் 120 ஒய்யில் எஞ்சினுக்குப் பின்னால் நிற்கிற சுவர்த் தகட்டில் இருக்கிறது, பேட்டரி ஆசிட் தெறிக்கிற தூரத்தில். என் நண்பர் ஒருவர் தெரியாமல் அந்த இடத்தில் கிரைண்டர் ஓட்டிவிட்டார். கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது. அந்தக் காடி இன்று வரை ரோட்டுக்கு வரவில்லை. டேப் ஒட்டி மூடுங்கள், படம் எடுத்து வையுங்கள், கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரம்) இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மாமா நலமாக இருக்கும்போதே பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு வாகனச் சோதனை நிலையமான புஸ்பகோமில் பி5 சோதனை வேண்டும், அதில் முக்கியமாகப் பார்ப்பது எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போகிறதா என்றுதான். ரோட் டேக்ஸ் நின்று இத்தனை வருடம் ஆனதால் என்னென்ன கேட்பார்கள் என்று ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் முதலில் விசாரித்துவிட்டு, அப்புறம் காடியை நகர்த்துங்கள். உரிமையாளர் இறந்த பிறகு அமானா ராயா (சொத்துப் பொறுப்பு நிறுவனம்), சூராட் குவாசா (அதிகாரக் கடிதம்) என்று என் சித்தப்பா காடிக்காக நான் அலைந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

ஏ15 போடும் ஆசை புரிகிறது, நானும் போட்டிருக்கிறேன். ஏ12 1171 சிசி, ஏ15 1488 சிசி. ரோட் டேக்ஸ் 55 வெள்ளியிலிருந்து 90 வெள்ளியாகும், அது பெரிசில்லை. ஆனால் எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே ஒப்புதல் வாங்கி கிராண்டில் ஏற்ற வேண்டும், எஞ்சின் வாங்கிய கடையின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடலாம். இப்போதைக்கு எஞ்சின் காசை பிரேக்கில் போடுங்கள்: மாஸ்டர் பம்ப், பின் டிரம் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாக. டயரில் வரிப்பள்ளம் நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2311 என்றால் 2011ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது.

தாழ்த்துவதென்றால் முன் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தாதீர்கள். பின்னால் லீஃப் ஸ்பிரிங். அதன் முனையைப் பிடிக்கும் துருப்பிடித்த ஷேக்கிள் தாங்கியை மாற்றாமல், இடையில் கட்டை (பிளாக்) வைத்து இறக்கினால் குழியில் விழும்போது தரைத் தகட்டையே பிய்த்துக்கொண்டு வரும்.

சிப்புட்காரி:

எல்லாருக்கும் நன்றி. பட்டறை ஐயா, இந்த ஞாயிறு நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

சேசிஸ் எண் பத்திரம். துடைத்துப் படித்தேன், கிராண்டோடு ஒத்துப்போகிறது. டேப் ஒட்டிவிட்டேன். மாமா அடுத்த மாதம் பெயர் மாற்ற வருகிறேன் என்றிருக்கிறார்.

சீட்டெல்லாம் கழற்றினோம். உள்ளே டார்ச்சோடு உட்கார ஆள் தேடியபோது மாமாவே நான் உட்காருகிறேன் என்றார். கண் சரியில்லையே என்றேன். "தண்ணி கையில பட்டா தெரியாதா?" என்று ஒரு மர ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கதவு அடிப்பக்கம் ஐந்து நிமிடம், ஒன்றுமில்லை. ரப்பர், ஒன்றுமில்லை. வைப்பர் துளையில் குழாயை வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "வந்துருச்சி, வந்துருச்சி, நிறுத்து!" என்று உள்ளிருந்து சத்தம். காற்றுப் பெட்டிக்குப் பின்னால் தகடு சேரும் மூட்டிலிருந்து கோடாக ஒழுகி அவர் முழங்கையில் விழுந்திருக்கிறது. துளைக்குள் வளைத்த கம்பியை விட்டு இழுத்தோம். கறுப்பு மண்ணாகவே வந்தது, அரை வாளி. நடுவில் ஒரு ரம்புத்தான் கன்று, வெள்ளை வேர் விட்டு, இரண்டு இலையோடு.

பின் கண்ணாடியிலும் நீங்கள் சொன்னபடியே ஒழுகுகிறது. ஆனால் சில்? இடதுபக்கச் சில் முன்பாதி முழுக்க உள்வாங்குகிறது, சாக் கோடு 40 சென்டிமீட்டர் வந்துவிட்டது. வலதுபக்கம் டிங் என்கிறது, காந்தமும் ஒட்டுகிறது.

ஏ15 இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எஞ்சினில் ஏடிஎஃப் ஊற்றி மூன்று நாள் ஆகிறது, வியாழக்கிழமை லீவு, அன்றைக்குத் திருப்பிப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒழுகும் அந்த மூட்டைத் தொட்டிக்குள்ளிருந்து பார்க்க முடியவில்லை, கை போகவில்லை. உள்பக்கத்திலிருந்து சீலர் பூசினால் போதுமா?

பழைய பட்டறை:

போதாது அம்மா. உள்பக்கம் பூசினால் தண்ணீர் காடிக்குள் வராது, ஆனால் மூட்டுக்கும் சீலருக்கும் நடுவில் நின்று தகட்டைத் தின்னும். என் புட்டி செய்த அதே வேலை. தண்ணீர் நிற்கிற பக்கத்திலிருந்துதான் அடைக்க வேண்டும்.

முதலில் வடிகால் வழி இரண்டிலும் தண்ணீர் தடையில்லாமல் கீழே போகிறதா என்று பார். வடிந்துவிட்டால் அந்த மூட்டில் தண்ணீர் ஏறுவதே குறையும். அப்புறம் முன் ஃபெண்டரைக் கழற்று, போல்ட்டுகள்தான், துருவில் இறுகியிருந்தால் முந்தின நாளே எண்ணெய் தெளித்து வை. ஃபெண்டர் வந்ததும் பக்கவாட்டிலிருந்து தொட்டியின் ஓரம் தெரியும். வளைந்த கழுத்துள்ள கம்பி பிரஷ் உள்ளே போகும். துருவைத் தேய்த்து எடுத்து, தண்ணீர்விட்டுக் கழுவி, இரண்டு நாள் ஃபேன் வைத்துக் காய விடு. எபாக்சியை நீளக் குச்சியில் கட்டிய துணியால் பூசு, அது காய்ந்த பிறகு சீம் சீலர். மூட்டில் ஓட்டையே விழுந்திருந்தால் மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்துத் திறக்க வேண்டியிருக்கும், அது பெரிய வேலை. அதனால் இப்போதே வெட்டாதே.

சில் 40 சென்டிமீட்டர்தான், கவலைப்படாதே, செய்துவிடலாம். வெளித் தகட்டை மட்டும் வெட்டித் திறந்து உள் தகடு எப்படி இருக்கிறது என்று பார். ஒட்டுப் போட்டு முடித்ததும் சில்லின் அடியில் இருக்கிற சின்ன வடிகால் துளைகளை அடைத்துவிடாதே, கடைசியில் அந்தத் துளை வழியாகத்தான் மெழுகு எண்ணெய் உள்ளே தெளிக்கப் போகிறாய்.

ஃபெண்டரைக் கழற்றியதும் தொட்டி ஓரத்தையும் சில் சேரும் மூலையையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை கிரைண்டரைத் தொடாதே.